ஏழு லட்ச ரூபாய் ஆடியோ செட் வாங்கலாமா? முதலில் காதைப் பாருங்கள்

மதுரையில் இருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பகுதியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 61. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, பணிக்கொடைப் பணம் கைக்கு வந்திருக்கிறது. சின்ன வயதில் உசிலம்பட்டிப் பக்கம் தாய்மாமனின் ரேடியோ செட்டோடு கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை என்று சுற்றியவர். கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டையும் நாதஸ்வரத்தையும் நல்ல செட்டில் கேட்க வேண்டும் என்பது அப்போதிருந்து இருக்கும் ஆசை.

மாப்பிள்ளையோடு போய் ஒரு பெரிய ஆடியோ கடையில் விலை கேட்டிருக்கிறார். ஸ்பீக்கர் ஜோடி மூன்றரை லட்சம், ஆம்ப்ளிஃபையர் இரண்டு லட்சம், கேபிள்கள் 60 ஆயிரம், மின்சாரத்தைச் சீராக்கும் என்று விற்கிற பவர் கண்டிஷனர் 50 ஆயிரம், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் டேக் என்கிற பெட்டி 40 ஆயிரம். மொத்தம் ஏழு லட்சம். சாதாரண வயரில் ஒரு தடவை, விலை உயர்ந்த கேபிளில் ஒரு தடவை என்று அதே பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரருக்கும் மாப்பிள்ளைக்கும் வித்தியாசம் "பளிச்சென்று" தெரிந்தது. இவருக்குத் தெரியவில்லை. "காது பழகணும் சார்" என்று கடைக்காரர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. 50 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, இப்போது தூக்கம் வரவில்லை. "ரேடியோ செட்டில் பழகிய காது என்னுடையது. எனக்கே தெரியவில்லை என்றால் காதில் கோளாறா? இல்லை, இந்த விலையே ஏமாற்றா?" என்று கேட்கிறார். வீட்டம்மா இதை வீண் செலவு என்கிறார். கணவரைப் பற்றி அவர் வேறொரு குறையும் சொல்கிறார்: டி.வி. சத்தம் வரவரக் கூடுகிறது, போனில் பேத்தி பேசுவது இவருக்குப் புரிவதில்லை. "அது வேறு விஷயம்" என்று ஒரே வரியில் அதைத் தாண்டிவிட்டார் வாசகர்.

ஐயா, அந்த ஒரு வரிதான் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவராக என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. உங்கள் காதில் குறை இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் அல்ல. கேபிள் வித்தியாசம் தெரியாமல் போனது குறைக்கு அடையாளமே கிடையாது. பேத்தி பேசுவது புரியாமல் போவதுதான் அடையாளம். இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்வோம்.

கேபிளில் என்ன இருக்கிறது

ஸ்பீக்கர் கேபிள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: ஆம்பில் இருந்து வரும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது. வீட்டு வயரிங்குக்கு எலெக்ட்ரீஷியன் வாங்குகிற 2.5 எம்.எம். செம்பு வயர், ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்புவதற்கு ஏறக்குறைய 0.07 ஓம் தடை கொடுக்கும். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். இதனால் குறைகிற சத்தம் ஒரு டெசிபலில் (சத்தத்தை அளக்கும் அலகு) பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு டெசிபல் வித்தியாசத்தையே பாட்டு ஓடும்போது பலரால் கவனிக்க முடியாது. அந்த வயர் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருபது வயதுப் பையனின் காதாலும் அதற்கும் 60 ஆயிரம் ரூபாய் கேபிளுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அப்படியென்றால் மாப்பிள்ளை பொய் சொன்னாரா? இல்லை. அவருக்கு உண்மையாகவே நன்றாகக் கேட்டிருக்கும். 2008-இல் ஹில்கே பிளாஸ்மனும் உடனிருந்த ஆராய்ச்சியாளர்களும் கலிஃபோர்னியாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லி ஒரு தடவையும் 90 டாலர் என்று சொல்லி ஒரு தடவையும் குடிக்கக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விலை கூடுதல் என்று நம்பியபோது, சுவையின் இன்பத்தை உணர்கிற மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. அந்த இன்பம் உண்மையானது. அது ஒயினில் இருந்து வரவில்லை, அவ்வளவுதான். விலைச்சீட்டையும் கடைக்காரரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்கிற எல்லோருக்கும் இது நடக்கும். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னீர்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

பவர் கண்டிஷனரும் இதே வகைதான். நம் பக்கத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் பொருளைக் காப்பாற்ற ஒரு நல்ல ஸ்டெபிலைசர் தேவைப்படலாம். அது பாதுகாப்புக்கு, பாட்டு இனிப்பதற்கு அல்ல. ஸ்பீக்கரில் "உம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியோ செட்டில் பழகிய காது

நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். கூம்புக்குக் கீழே படுத்துத் தூங்கிய அந்த இரவுகள் உங்கள் காதைக் கூர்மைப்படுத்தவில்லை. தேய்த்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது, காக்ளியா என்போம். அதில் வரிசையாக இருக்கும் மயிரணுக்கள்தான் ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை மேல்சுருதி ஒலிகளுக்கு, உள்ளே தள்ளி இருப்பவை கீழ்ச்சுருதிக்கு. வயதாகும்போது வாசல் பக்கத்து அணுக்கள்தான் முதலில் போகும். போனவை திரும்ப முளைப்பதில்லை. பெருஞ்சத்தத்தில் பல நாள் இருந்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸை (சுருதியை அளக்கும் அலகு) ஒட்டிய பகுதியில் தனியாக ஒரு பள்ளம் விழும்; ஆடியோகிராம் என்கிற காது பரிசோதனை வரைபடத்தில் அது கண்ணுக்கே தெரியும். நீண்ட நாள் சர்க்கரையும் உள்காதின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதிக்கும். உங்களுக்கு மூன்று காரணமும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் குறைவின் குணம் விசித்திரமானது. சத்தம் கேட்கும், சொல் புரியாது. உயிரெழுத்தின் ஓசை கீழ்ச்சுருதியில் கனமாக வரும். ச, ஸ, த, ப போன்றவற்றை அடையாளம் காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கின்றன, அவைதான் விழுந்துபோகும். பேத்தி "தாத்தா, பாட்டு வச்சுருக்கேன்" என்றால் உங்களுக்கு "ஆட்டு" மட்டும் கேட்கும். அது பாட்டா, காட்டா, மாட்டா என்று ஊகித்துக்கொண்டிருப்பீர்கள். குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும் புரிவதற்குக் கூடுதலாகத் திணறும். சரி என்று அவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசினால் "ஏன் கத்துகிறாய்" என்று தோன்றும். அதுவும் இந்தக் குறைவின் ஒரு பகுதிதான், கோபம் அல்ல.

கடையில் பாட்டு அற்புதமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருந்திருக்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டியது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ச்சுருதியை மனிதக் காது மிகவும் குறைத்துக் கேட்கும், உரக்க வைத்தால் அது எழுந்து வந்து பாட்டு நிறைவாகத் தோன்றும். உங்கள் காதுக்கு விழாத மேல்சுருதி நுணுக்கங்களும் உரக்க வைக்கும்போது எல்லையைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். கடையில் வைத்த அளவுக்கு வீட்டில் வைத்தால் உங்கள் பழைய செட்டும் முன்னைவிட நன்றாகத்தான் கேட்கும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5. குறைந்துபோன காதுக்கு ஈடுகட்ட வால்யூமைத் திருப்பிக்கொண்டே போனால் மிச்சம் இருப்பதும் போகும். பெரிய ஆம்ப் அதற்கு வழிசெய்து கொடுக்கும்.

ஆகவே செட்டுக்கு முன் ஆடியோமெட்ரி. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பார்கள். வலி இல்லை, அரை மணி நேரத்துக்குள் முடியும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே செய்துகொள்ளலாம். முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதுக்குள் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ தேதி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாள்களில் தொடங்கும் மருந்துக்குத்தான் பலன் அதிகம்.

செவித்துணைக் கருவி தேவைப்பட்டால் கூச்சப்படாதீர்கள். பாட்டுக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுக்கான அமைப்பு நாதஸ்வரத்தை நசுக்கிவிடும். ஆனால் இந்தச் சந்தையிலும் விலை ஏற ஏற மகிமை பேசுவார்கள். சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுக்காத இடத்தில் வாங்க வேண்டாம். கருவி எந்த விலையானாலும் உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்றபடி, காதுக்குள் அளந்து பொருத்துவதுதான் முக்கியம்.

எதற்குக் காசு கொடுக்கலாம்

விலையே ஏமாற்றா என்றால், முழுக்க இல்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் நிச்சயமாக உண்டு. ஒலி ஆராய்ச்சியாளர்களான ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ் இருவரும் பல ஆண்டுகள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துக் கேட்க வைத்துப் பார்த்தவர்கள். எல்லாச் சுருதியையும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் தரும் ஸ்பீக்கரைத்தான் பழகிய காதும் பழகாத காதும் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தன. ஆகவே "காது பழகணும்" என்ற பேச்சுக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. 1994-இல் அவர்கள் காட்டிய இன்னொன்றும் உண்டு: அதே ஆட்களைக் கண்ணால் பார்த்துக் கேட்க விட்டபோது மதிப்பெண் மாறியது. பெட்டியின் அளவும் பெயரும் காதுக்குள் புகுந்துவிட்டன.

ஓர் எல்லை வரை ஸ்பீக்கருக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கீழ்ச்சுருதி ஆழமாகும், பெட்டி அதிராது. அதற்கு மேல் கொடுப்பது மர வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும். பிடித்திருந்தால் கொடுங்கள், தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். ஆம்ப் உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமான வாட் கொடுத்து, திணறாமல் ஓடினால் போதும்.

நல்ல ஆம்பில் பாஸ் (கீழ்ச்சுருதி), ட்ரெபிள் (மேல்சுருதி) திருகு இருக்காது, அதைத் தொடுவதே தப்பு என்று கடையில் சொன்னார்களாம். உங்களைப் பொறுத்தவரை இது நேர் தலைகீழ். மேல்சுருதி குறைந்த காதுக்கு அந்தத் திருகுதான் மருந்து. திருகு உள்ள ஆம்பையே கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாமல் ஏற்றுங்கள்.

ஹை-ரெஸ் பாட்டுக்கு, அதாவது சி.டி.யைவிடக் கூடுதல் நுணுக்கமாகப் பதிவானதற்கு, டேக் வேண்டும் என்பதற்கு ஒரு தகவல். 1982-இல் வந்த சி.டி. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரை தருகிறது. குழந்தைக்கே 20,000-தான் எல்லை. 2007-இல் மேயர், மோரன் இருவரும் ஹை-ரெஸ் ஒலியையும் அதை சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பலரைக் கேட்க வைத்தார்கள். 554 தடவையில் 276 சரி. பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2016-இல் ஜோஷுவா ரீஸ் கணக்கிட்டபோது நூற்றுக்கு 52 என்று ஊகத்தைவிட ஒரு நூலளவு மேலே வந்தது. உண்டு என்றாலும் அவ்வளவுதான்.

டி.எம்.எஸ். நம் ஊரில் 1922-இல் பிறந்தவர். அவர் உச்சத்தில் இருந்த ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் ஏறக்குறைய எல்லாம் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவானவை. ஒலிநாடாவும் பிலிமும் அன்றைக்குப் பிடித்துவைத்த அளவுதான் இன்றைக்கும் இருக்கும். பிடிக்காததை எந்தச் செட்டும் கொண்டுவராது. கைமாறி கைமாறித் தேய்ந்த பிரதிக்குப் பதிலாக, மூலப்பதிவில் இருந்து ஒழுங்காக மாற்றிய சி.டி.யைத் தேடிப் பிடியுங்கள். அந்த வித்தியாசம் கேபிளைப் போல அல்ல, உங்களுக்கே தெரியும்.

பணம் செலவழிக்காமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் உங்கள் ஹாலில் இருக்கிறது. கிரானைட் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை, கண்ணாடி ஷோகேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டுங்கள். "ட்ரிங்" என்று வால் நீண்டால் எந்த ஸ்பீக்கரின் ஒலியும் அந்த வாலோடுதான் உங்களிடம் வரும். பாட்டின் சொல் தெளியாது. கனமான ஜமுக்காளம், மடிப்பு வைத்த பருத்தித் திரை, புத்தக அலமாரி, மெத்தை போட்ட சோபா இவை அந்த வாலை வெட்டும். 12 அடி நீளம், 10 அடி அகலமான அறையில் 47, 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவர்களுக்கு இடையே நின்று அதிரும். ஓர் இடத்தில் தவில் "தொம்" என்று கனக்கும், இரண்டு அடி தள்ளினால் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையிலோ ஷோகேஸுக்குள்ளோ திணிக்காமல் சுவரை விட்டுத் தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். நாற்காலியை அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள். அப்புறம், ஐந்தில் ஓடும் ஃபேனை இரண்டுக்குக் குறையுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும் முறை

இன்னும் சந்தேகம் இருந்தால், கண்ணை விலக்கிவிட்டுக் காதால் மட்டும் முடிவு செய்யுங்கள்.

1. இரண்டு செட்டுக்கும் சத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக வைத்தாலும் அது "தரம்" என்று தோன்றிவிடும். போன் செயலி தோராயம்தான். ஸ்பீக்கர் மாறாமல் கேபிளையோ ஆம்பையோ ஒப்பிட்டால், மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்துச் சமப்படுத்துவது நல்லது.

2. எது ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியக் கூடாது, உங்கள் எதிரில் நிற்பவருக்கும் தெரியக் கூடாது. உள்ளே இருந்து ஒருவர் நாணயம் சுண்டி மாற்றட்டும்.

3. எது ஓடுகிறது என்று 16 தடவை சொல்லிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கக்கூடும். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றுக்கு நான்கு தடவைதான். எட்டு, ஒன்பது என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வாருங்கள்.

இதற்குச் சம்மதிக்காத கடையில் லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

வீட்டம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இத்தனை வருட ஆசையை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டி.வி. சத்தத்தைப் பற்றி அவர் சொன்னது சரி, அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆடியோமெட்ரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் எதைத் தவறவிடுகிறீர்கள் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக அட்வான்ஸ். இது என் துறை இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரசீதில் திருப்பித் தருவது பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பொருள் இன்னும் வரவில்லை என்பதால், ஆர்டரை ரத்து செய்கிறேன் அல்லது கேபிளையும் கண்டிஷனரையும் நீக்கி ஸ்பீக்கருக்கு மட்டும் கணக்கு வையுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவதுக்கு இறங்கி வருவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பணம் முழுக்கத் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன், அது ரசீதின் வாசகத்தைப் பொறுத்தது. கடிதத்தை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பெட்டிகள் வீட்டுக்கு வந்து பிரித்த பிறகு பேசுவது கடினம்.